விதை தேடி நடந்தவர்

நுழையும்முன்

பூங்காவில் வானளாவ நிற்கும் மரத்தைக் காணும்போது, அது அங்கே எவ்வாறு வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மரம் கடல் கடந்து வேறொரு மண்ணில் வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு மனிதரின் நெடும்பயணமும் கண்ணொளியும் சில வேளைகளில் உயிரும்கூட இருக்கக்கூடும். தோட்டப் பயிற்சியாளராக வாழ்வைத் தொடங்கி, ஊசியிலை மரங்களின் வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்ற டேவிட் டக்ளஸின் வாழ்க்கை அத்தகையது.

கல்தச்சரின் மகன்

ஸ்காட்லாந்தின் பெர்த் நகரை அடுத்துள்ள ஸ்கோன் என்னும் சிற்றூரில், 1799ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் டேவிட் டக்ளஸ் பிறந்தார். தந்தை கல்தச்சர். சிறுவன் டேவிட்டுக்கு வகுப்பறையைவிட ஆற்றங்கரையும் காடும் இனித்தன. மீன் பிடிப்பதிலும் பறவைகளைப் பேணுவதிலும் பொழுதைக் கழித்தான். ஏறக்குறைய 11 வயதில் பள்ளியை விட்டு, மான்ஸ்ஃபீல்டு பிரபுவுக்கு உரிய ஸ்கோன் அரண்மனைத் தோட்டத்தில் தொழில் பயிலச் சேர்ந்தான்.

ஏழாண்டுகள் அங்கே பணி செய்தார் டக்ளஸ். மண்ணைப் பதப்படுத்துதல், விதையை உலர்த்துதல், நாற்றைப் பிரித்து நடுதல், பனியிலிருந்து இளஞ்செடியைக் காத்தல் முதலியவற்றைக் கைப்பழக்கத்தால் கற்றார். படிப்பைப் பாதியில் விட்டவர், படிப்பின் தேவையை வேலையிடத்தில் உணர்ந்தார். பின்னர் ஃபைஃப் பகுதியில் உள்ள வேலிஃபீல்டு தோட்டத்திற்கு அவர் மாறினார். அதன் உரிமையாளருடைய நூலகத்தில் தாவரவியல் நூல்கள் நிறைந்திருந்தன. அவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பு அந்த இளம் தோட்டக்காரருக்குக் கிடைத்தது. பகலில் செடிகளோடும் இரவில் அவற்றைப் பற்றிய நூல்களோடும் அவர் வாழ்ந்தார்.

1820இல் கிளாஸ்கோ தாவரவியல் தோட்டத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. அங்கே பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கர், தம் விரிவுரைகளைக் கேட்க வந்த இந்த எளிய பணியாளரின் கூர்மையைக் கண்டறிந்தார். மலைப்பகுதிகளுக்குத் தாவரம் சேகரிக்கச் சென்றபோது டக்ளஸையும் உடன் அழைத்துச் சென்றார். பின்னர், தாவரங்களைத் திரட்டிவர ஆள் தேடிய லண்டன் தோட்டக்கலைக் கழகத்திற்கு அவரைப் பரிந்துரைத்தார். டக்ளஸின் வாழ்வு திசை மாறியது.

கடலுக்கு அப்பால்

1823இல் கழகம் அவரை வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு அனுப்பியது. கனிமர வகைகளைப் பற்றி அறிந்து வருவது முதன்மை நோக்கம். அப்பயணத்தில், கருவாலி மரமொன்றில் ஏறி மாதிரிகளைப் பறித்துக்கொண்டிருந்தபோது, கூலிக்கு அமர்த்திய ஆள் கீழே கழற்றி வைத்திருந்த மேலங்கியோடும் பணத்தோடும் ஓடிவிட்டான். அதனால் அவர் மனம் தளரவில்லை. நல்ல சேகரிப்புடன் 1824 ஜனவரியில் லண்டன் திரும்பினார்.

அதே ஆண்டு ஜூலையில், ஹட்சன் விரிகுடா நிறுமத்தின் கப்பலில் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் புறப்பட்டார். பனாமா கால்வாய் இல்லாத காலம் அது. தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டுதான் செல்ல வேண்டும். வழியில் கலாபகஸ் தீவில் கப்பல் நின்றது. டார்வின் அத்தீவுகளுக்கு வருவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே டக்ளஸ் அங்கே தாவரங்களைத் திரட்டினார். ஆனால் இடைவிடாத மழையில் அவற்றுள் பெரும்பகுதி அழுகிப்போயிற்று. எட்டு மாதங்களுக்கும் மேலான பயணத்திற்குப் பின், 1825 ஏப்ரலில் கப்பல் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தது.

ஆற்றங்கரையில் வான்கூவர் கோட்டை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. டக்ளஸ் முதலில் கூடாரத்திலும், பிறகு மான்தோல் குடிலிலும், அதன்பின் மரப்பட்டைக் குடிசையிலும் தங்கினார். அங்கிருந்து நடந்தும் ஓடத்திலும் குதிரையிலும் நாற்புறமும் சென்றார். தாவரங்களை அழுத்தி உலர்த்தும் தாள்கள் மழையில் நனைந்துவிடும். இரவுதோறும் நெருப்பருகில் அமர்ந்து ஒவ்வொரு தாளையும் காய வைப்பார். தமக்குக் கம்பளி குறைந்தாலும் விதைப்பொதி நனையாமல் பார்த்துக்கொள்வார்.

அப்பகுதியின் முதற்குடி மக்களுக்கு இவர் புதிராகத் தோன்றினார். மென்மயிர்த் தோலுக்காக வணிகர் வருவதை அவர்கள் அறிவர். புல்லையும் இலையையும் தேடி ஒருவர் வருவது புதுமை. ஆகவே அவரைப் புல் மனிதர் என்று அழைத்தனர். உருப்பெருக்கிக் கண்ணாடியால் கதிரவன் ஒளியைக் குவித்துப் புகைக்குழலைப் பற்ற வைத்ததைக் கண்டு, தீயைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லாலும் அவரைக் குறித்தனர். டக்ளஸ் அவர்களிடம் வழி கேட்டார், உணவு பெற்றார், எந்தச் செடி எதற்குப் பயன்படும் என்பதை அறிந்துகொண்டார். அவருடைய கண்டுபிடிப்புகள் பலவற்றுக்கு அம்மக்களின் அறிவே வழிகாட்டியது.

மூன்று கூம்புகள்

1825ஆம் ஆண்டு கோடையில் வில்லாமெட் ஆற்றுப் பகுதியில், முதற்குடியைச் சேர்ந்த ஒருவரின் புகையிலைப் பையில் வழக்கத்துக்கு மாறான பெரிய பைன் விதைகளை டக்ளஸ் கண்டார். அம்மக்கள் அவ்விதைகளை உணவாக உண்டனர். அம்மரம் தெற்கே தொலைவில் வளர்கிறது என்பதை அறிந்தார். அன்று முதல் அம்மரத்தின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. கப்பலில் ஏற்றும் பெட்டிகளைக் கட்டும்போது துருப்பிடித்த ஆணி முழங்காலில் குத்திப் புண்ணானது. வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். எழுந்ததும் மீண்டும் நடந்தார்.

1826 அக்டோபர் 26ஆம் நாள், அம்ப்குவா ஆற்றுப் பகுதியில் அவர் தேடிய மரம் கண்ணில் பட்டது. காற்றில் வீழ்ந்து கிடந்த ஒரு மரத்தை அளந்தார். தரையிலிருந்து 3 அடி உயரத்தில் அதன் சுற்றளவு 57 அடி 9 அங்குலம். நீளம் 215 அடி. நின்ற மரங்களின் கிளை நுனிகளில், தொங்கவிட்ட பண்டங்களைப் போல நீண்ட கூம்புகள் ஊசலாடின. அடிமரத்தில் நெடுந்தொலைவுக்குக் கிளைகள் இல்லாததால் ஏற முடியாது. கோடரியால் வீழ்த்தவும் இயலாது. துப்பாக்கியால் சுட்டு மூன்று கூம்புகளை வீழ்த்தினார்.

வெடியோசை கேட்டு, வில்லும் அம்பும் ஈட்டியும் கல்கத்தியும் ஏந்திய எட்டுப் பேர் வந்து சூழ்ந்தனர். அவர்களுக்கு இவர் தம் நிலத்தில் நுழைந்த அயலார். இவருக்கோ தப்பி ஓடினால் கூம்புகளை இழக்க நேரும் என்ற கவலை. டக்ளஸ் சில அடிகள் பின்வாங்கித் துப்பாக்கியைத் தயாராகப் பிடித்தபடி அசையாமல் நின்றார். சற்று நேரம் இருபுறமும் அமைதி நிலவியது. பின்னர் அவர்கள் புகையிலை கேட்டனர். கூம்புகளைக் கொண்டுவந்தால் தருவதாக இவர் சைகை காட்டினார். அவர்கள் கூம்பு தேடிச் சென்றதும், கிடைத்த மூன்று கூம்புகளையும் சில சிறுகிளைகளையும் எடுத்துக்கொண்டு விரைந்து அகன்றார். அன்றிரவு துப்பாக்கியை அருகில் வைத்துப் புல்லில் படுத்தபடி, பிசின் நிறைந்த பைன் குச்சியின் ஒளியில் நாட்குறிப்பை எழுதினார். அம்மரமே சர்க்கரைப் பைன். பைன் இனங்களுள் மிக நீண்ட கூம்புகளை உடையது அதுவே. பைன் இனங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய லாம்பெர்ட் என்னும் அறிஞரின் நினைவாக அதற்குப் பைனஸ் லாம்பெர்ட்டியானா என்று டக்ளஸ் பெயரிட்டார்.

அந்த ஆண்டுகளில் அவர் திரட்டிய விதைகளுள் டக்ளஸ் ஃபிர், பாண்டரோசா பைன் முதலியனவும் அடங்கும். டக்ளஸ் ஃபிர் மரத்தை முதலில் மாதிரியெடுத்தவர் அவரல்லர். அவருக்கு முன்பே ஆர்ச்சிபால்டு மென்சீஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் அதன் கிளையை வான்கூவர் தீவில் பறித்திருந்தார். ஆகவே அறிவியல் பெயர் மென்சீஸையும், மக்கள் வழங்கும் பெயர் விதை கொணர்ந்த டக்ளஸையும் நினைவூட்டுகின்றன.

விதை மரமாகும் வரை

விதையைக் கண்டெடுப்பது தொடக்கம் மட்டுமே. அது உயிரோடு ஊர் சேர வேண்டும். கப்பல் நிலநடுக்கோட்டை இருமுறை கடக்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் விதை முளைத்திறனை இழக்கும், பூஞ்சை பிடிக்கும். எனவே கூம்பு முற்றிய பருவமறிந்து பறித்து, செதில்கள் விரியுமாறு உலர்த்தி, சிறகுள்ள விதைகளைப் பிரித்து, ஈரம் படாமல் பொதிய வேண்டும். கூம்பு விரிந்த பின் சென்றால் விதை காற்றில் பறந்திருக்கும். விரியும் முன் பறித்தால் விதை முற்றியிராது. பைன் கூம்பு முற்ற இரண்டு ஆண்டுகள் ஆகும். டக்ளஸ் ஃபிர் கூம்போ ஒரே பருவத்தில் முற்றிவிடும். தோட்டத்தில் வளர்ந்தவராதலால் இந்நுட்பங்களை டக்ளஸ் அறிந்திருந்தார்.

லண்டனை அடுத்த சிசிக் என்னுமிடத்தில் கழகத்தின் தோட்டம் இருந்தது. அங்கே விதைகள் முளைக்க வைக்கப்பட்டன. கழக உறுப்பினர்களுக்கும் அவை பகிர்ந்தளிக்கப்பட்டன. மாளிகைத் தோட்டங்களில் ஊசியிலை மரங்களுக்கெனத் தனிச் சோலை அமைக்கும் ஆர்வம் பரவியது.

பைன் வளர்ப்புக்குப் பொறுமை வேண்டும். பல இனங்களின் விதைகள், சில வாரங்கள் குளிரும் ஈரமும் பெற்ற பின்னரே சீராக முளைக்கும். நாற்றங்கால் மண்ணில் நீர் தேங்கலாகாது. தேங்கினால் இளந்தண்டு அழுகிச் சாயும். முளைத்த கன்றை நெடுநாள் தொட்டியில் வைத்திருத்தலும் தவறு. தொட்டிக்குள் சுருண்ட வேர் பின்னர் விரிந்து பரவாது; அம்மரம் பெருங்காற்றில் சாயும். ஆகவே இளமையிலேயே நிலையான இடத்தில் நட வேண்டும். நல்ல வெயில், நீர் வடியும் மணற்பாங்கான மண், சற்றே அமிலத் தன்மை ஆகியன பெரும்பாலான பைன் மரங்களுக்கு உகந்தவை. வேர்களோடு இணைந்து வாழும் பூஞ்சைகள் மண்ணிலுள்ள சத்தை மரத்திற்கு ஊட்டுகின்றன. உச்சிக் குருத்து முறியாமல் காக்க வேண்டும். உதிரும் ஊசியிலைகளை அடியிலேயே விட்டுவைத்தால் அவை ஈரத்தைக் காத்து மண்ணோடு கலக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சாண் கன்றை நடும்போதே ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய அதன் உருவத்தை மனத்தில் கண்டு இடம் விட வேண்டும். நடுபவர் தமக்காக நடுவதில்லை. தாம் காணப்போகாத ஒரு தலைமுறைக்காகவே நடுகிறார்.

புகழும் அமைதியின்மையும்

1827 மார்ச்சில் டக்ளஸ் வான்கூவர் கோட்டையிலிருந்து நிலவழியே கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். ராக்கி மலைத்தொடரைக் கடக்கும்போது, மே முதல் நாள் ஒரு சிகரத்தில் தனியே ஏறி, அதற்குப் பிரவுன் என்னும் தாவரவியலாளரின் பெயரைச் சூட்டினார். அதன் உயரத்தை 16,000 அடிக்கும் மேல் என்று மதிப்பிட்டார். பல்லாண்டுகள் நிலப்படங்களில் அவ்வளவே இடம்பெற்றது. 1893இல் பேராசிரியர் கோல்மன் அங்கே சென்று ஆராய்ந்தபோதுதான் உண்மையான உயரம் ஏறக்குறைய 9,000 அடியே எனத் தெளிவாயிற்று. மரங்களை அளப்பதில் துல்லியம் காட்டியவரும் மலையை அளப்பதில் தவறினார். அறிவியல் ஒருவரின் புகழைக் கருதாது, மீண்டும் சென்று சரிபார்க்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

அக்டோபரில் இங்கிலாந்தை அடைந்த டக்ளஸைப் புகழ் வரவேற்றது. லின்னேயக் கழகம், நிலவியல் கழகம், விலங்கியல் கழகம் ஆகியவை அவரை உறுப்பினராக்கிக்கொண்டன. அவர் கொணர்ந்த செந்நிறப் பூக்கள் கொண்ட கரண்ட் செடி ஒன்றே அப்பயணச் செலவை ஈடுசெய்துவிட்டது என்று தோட்டக்கலை வரலாற்றில் கூறப்படுவதுண்டு. எனினும் நகர வாழ்வு அவருக்கு ஒத்துவரவில்லை. காட்டில் பொறுமையின் வடிவாக இருந்தவர், கூடங்களில் எளிதில் சினங்கொண்டார். எழுத வேண்டிய பயண நூல் முடிவுறாமல் நின்றது.

ஆற்றோடு போன ஏடுகள்

1829 அக்டோபரில் மீண்டும் கப்பலேறினார். கொலம்பியா ஆற்றுப் பகுதிக்குப் பின் கலிஃபோர்னியாவின் மான்டெரேக்குச் சென்றார். சிட்கா ஸ்புரூஸ், நோபிள் ஃபிர், மான்டெரே பைன் முதலிய மரங்கள் பிரித்தானியத் தோட்டங்களை அடைய இப்பயணம் வழிவகுத்தது. அவர் அனுப்பிய புதுப்புதுப் பைன்களின் எண்ணிக்கையைக் கண்டு, தாமே அவற்றை உருவாக்கி அனுப்புவதாக நினைத்துவிடக் கூடாது என்று ஹூக்கருக்கு நகையாக எழுதும் அளவுக்கு அவை பெருகின.

ஆனால் உடல் தளர்ந்துவந்தது. பனிப்பரப்பின் கண்கூசும் ஒளியும் ஆற்றங்கரை மணற்காற்றும் கண்களைக் கெடுத்திருந்தன. வலக்கண் பார்வை அற்றுப்போயிற்று. இலையின் நரம்பையும் மகரந்தத்தையும் பார்த்து இனம் பிரிக்க வேண்டிய ஒருவருக்குக் கண்ணே முதல் கருவியாகும். அதை இழந்துகொண்டே அவர் பணியைத் தொடர்ந்தார்.

சைபீரியா வழியாக ஊர் திரும்பும் துணிகரத் திட்டம் ஒன்று அவருக்கு இருந்தது. வடக்கே நெடுந்தொலைவு சென்றும் அது கைகூடவில்லை. திரும்பி வரும்போது, 1833 ஜூன் 13ஆம் நாள் ஃபிரேசர் ஆற்றின் பாறை இடுக்கில் அவரது ஓடம் நொறுங்கியது. ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகச் சுழலில் அலைக்கழிந்து கரை சேர்ந்தார். உயிர் மிஞ்சியது. ஏறத்தாழ 400 தாவர மாதிரிகளும் நாட்குறிப்பும் ஆற்றோடு போயின. மரணத்தின் அருகில் சென்று மீண்டவருக்கு உழைப்பின் பயனை இழந்ததே பெருந்துயராயிற்று.

இறுதி நடை

1833 டிசம்பரில் ஹவாய்த் தீவுகளை அடைந்த டக்ளஸ், மௌனா கியா, மௌனா லோவா ஆகிய எரிமலைகளில் ஏறினார். 1834 ஜூலையில் மௌனா கியாவின் சரிவு வழியாக, பில்லி என்னும் தம் சிறிய நாயுடன் ஹிலோ நகரை நோக்கி நடந்தார். காட்டு மாடுகளைப் பிடிப்பதற்கென அவ்வழியில் குழிகள் வெட்டி மூடப்பட்டிருந்தன. ஜூலை 12ஆம் நாள், மாடு விழுந்து கிடந்த ஒரு குழியில் அவர் உடல் காணப்பட்டது. சற்றுத் தொலைவில் அவரது பொதியருகே நாய் காவல் இருந்தது. அன்று காலை அவருக்கு வழிகாட்டிய மாடு பிடிப்பவர் ஒருவர்மீது ஐயம் எழுந்தது. ஹோனலூலுவில் உடலை ஆய்ந்த மருத்துவர்கள், மாட்டினால் நேர்ந்த காயங்களே இறப்புக்குக் காரணம் என்றனர். இருந்தும் அந்த ஐயம் இன்றுவரை முற்றிலும் நீங்கவில்லை. மங்கிய கண்களே அவரைக் குழியில் வீழ்த்தியிருக்கலாம். அப்போது அவருக்கு வயது 35. ஹோனலூலுவின் கவாயஹாவோ தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நின்று வளரும் மரங்கள்

டக்ளஸ் பிரித்தானியாவுக்கு அறிமுகம் செய்த தாவரங்கள் 200க்கும் மேற்பட்டவை. சிட்கா ஸ்புரூஸ் இன்று அந்நாட்டில் மரத்தொழிலுக்காக மிகுதியாக வளர்க்கப்படும் மரமாகும். கலிஃபோர்னியாவின் மூன்று கரையோரப் பகுதிகளிலும் மெக்சிகோவைச் சேர்ந்த இரு தீவுகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் மான்டெரே பைன், நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பெருந்தோட்டங்களாகப் பரந்துள்ளது. அவர் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய சர்க்கரைப் பைனோ, பூஞ்சையால் வரும் கொப்புளத் துரு நோய்க்கு எளிதில் இரையாவதால் அயல்மண்ணில் அவ்வாறு பரவவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேற்று நிலத்து மரம் வேலி தாண்டிப் பரவினால் அந்நிலத்துக்குரிய செடிகள் நலியும். நியூசிலாந்தில் தாமாகப் பரவும் பைன் மரங்களை அகற்றப் பெரும் முயற்சி நடைபெறுகிறது. ஸ்காட்லாந்தின் வடபகுதிச் சதுப்பு நிலங்களில் ஊசியிலை மரங்களை நட்டது பிழையென உணரப்பட்டு, பல இடங்களில் அவை நீக்கப்பட்டுள்ளன. ஒரு விதையை இடம் மாற்றுவதன் முழு விளைவையும் டக்ளஸின் காலம் அறிந்திருக்கவில்லை. இன்று நாம் அறிவோம். மரம் நடும் ஆர்வத்தோடு, எந்த மண்ணில் எந்த மரம் என்னும் தெளிவும் வேண்டும் என்பதே அவ்வரலாறு தரும் படிப்பினை.

ஸ்கோன் அரண்மனைத் தோட்டத்தில், டக்ளஸ் 1826இல் அனுப்பிய விதையிலிருந்து முளைத்த டக்ளஸ் ஃபிர் மரம் இன்றும் நிற்கிறது. களைக்கொத்து ஏந்தி மண்ணைக் கிளறிய அதே தோட்டத்துக்கு, அந்தச் சிறுவன் உலகின் மறுகோடியிலிருந்து அனுப்பிய மரம் அது. அவர் ஊர் திரும்பவில்லை, விதை திரும்பியது.

தெரிந்து தெளிவோம்

டக்ளஸ் ஃபிர், பெயரில் ஃபிர் என வழங்கினும் உண்மையான ஃபிர் இனத்தைச் சேர்ந்ததன்று. உண்மையான ஃபிர் மரங்களின் கூம்புகள் கிளையில் நிமிர்ந்து நின்று, முற்றியதும் செதில் செதிலாக உதிரும். டக்ளஸ் ஃபிரின் கூம்புகள் கீழ்நோக்கித் தொங்கி, முழுமையாகவே விழும். செதில்களுக்கு இடையே மூன்று முனைகளையுடைய சிறு பட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இம்மரம் 300 அடிக்கும் மேல் வளரக்கூடியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்திலுள்ள மரங்களுள் எவை இம்மண்ணுக்கு உரியவை, எவை பிற நாடுகளிலிருந்து வந்தவை என்பதைக் கண்டறிந்து பட்டியலிடுக.

2. விதை சேகரித்தல், உலர்த்துதல், நாற்று வளர்த்தல், நடுதல் ஆகிய நிலைகளை உங்கள் பகுதித் தோட்டக்காரர் ஒருவரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. அயல்நாட்டு மரங்களை நடுவது நன்மையா, தீமையா என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.